தொப்பியைக் கழற்றாத ஒரே ஆள்

இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து அமெரிக்கச் சுதந்திரப் போர் ஆரம்பித்த வருஷம் எங்கள் ஊரில் மூன்று குழுக்கள் அமைத்தார்கள். படைக்கு ஆள் சேர்க்க ஒன்று, மாட்டிறைச்சி சேர்க்க ஒன்று, சந்தேகப்பட ஒன்று. ஆறாவது வருஷம் வந்தபோது ஆளும் தீர்ந்துவிட்டது, மாடும் தீர்ந்துவிட்டது. சந்தேகம் மட்டும் கையிருப்பில் இருந்ததால் மூன்றாவது குழு மட்டும் மிஞ்சியது. சந்தேக நிவாரணக் குழு என்று பெயர். ஏழு பேர். வியாழக்கிழமை தோறும் பிற்பகலில் என் சத்திரத்தில் கூடுவார்கள். நகர மன்றத்தில் கணப்பு கிடையாது. என்னிடம் கணப்பும் இருந்தது, ஆப்பிள் மதுவும் இருந்தது.

நான் கெசையா ஹாவ்ஸ். கணவர் போன பிறகு பதினோரு வருஷமாகச் சத்திரம் நடத்துகிறேன். அந்தக் குழு என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. மரியாதையினால் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பெண்பிள்ளை ராஜா பக்கமா, மாகாணங்கள் சேர்ந்து கூட்டிய காங்கிரஸ் பக்கமா என்று யோசிக்கக்கூடும் என்பதற்கு எங்கள் மாகாணச் சட்டத்தில் இடமில்லை. அதனால் நாற்காலியை வைத்துக்கொண்டு பேசுவது போல என்னை வைத்துக்கொண்டு எல்லாம் பேசுவார்கள்.

அந்த வருஷம் சந்தேகத்துக்கு நல்ல விளைச்சல். தெற்கே ஒரே கோடையில் இரண்டு படைகளை இழந்திருந்தோம். எங்கள் மாகாணத்திலேயே பிறந்த பெரிய தளபதி ஒருவர், ஆற்றங்கரைக் கோட்டையை எதிரிக்கு விற்கப் போய், விஷயம் வெளியானதும் எதிரிக் கப்பலிலேயே ஏறிக்கொண்டார். நேச நாடான கத்தோலிக்கப் பிரான்சிலிருந்து ஐயாயிரம் பேர் வந்து நியூபோர்ட்டில் இறங்கியிருந்தார்கள். இறங்கிய இடத்திலேயே நான்கு மாதமாக உட்கார்ந்திருந்தார்கள்.

யாபேஸ் கின்னியின் விவகாரம் அந்த அக்டோபரில்தான் ஆரம்பித்தது.

யாபேஸ் பீப்பாய் செய்கிறவர். மனைவி இல்லை. ஒரே மகன் லெமுவேல். அவன் போன வருஷம் எதிரிச் சரக்குக் கப்பல்களைப் பிடிக்கிற தனியார் போர்க்கப்பல் ஒன்றில் ஏறிப் போனான். ஆறாம் நாளே அந்தக் கப்பலை எதிரி பிடித்துவிட்டான். அன்றிலிருந்து பையன் நியூயார்க் துறைமுகத்தில், பாய்மரம் பிடுங்கிய ஒரு பழைய சிறைக்கப்பலின் அடித்தளத்தில் கிடந்தான். தினமும் காலையில் அந்தக் கப்பலிலிருந்து பிணங்களைப் படகில் இறக்குகிறார்கள் என்று தப்பி வந்த ஒருவன் என் சத்திரத்தில் உட்கார்ந்து சொன்னான். யாபேஸ் கடைசிவரை கேட்டுவிட்டு, பட்டறைக்குப் போனார்.

அக்டோபரில் கைதி மாற்றுப் பட்டியல் வந்தது. லெமுவேல் பெயர் அதில் இருந்தது. நவம்பர் பதின்மூன்றாம் தேதி எங்கள் கரையிலிருக்கும் நியூ லண்டன் துறையிலிருந்து வெள்ளைக்கொடிப் படகு கிளம்பும். ரத்த உறவு ஒருவர் அதில் ஏறி நியூயார்க் போய்க் கையெழுத்துப் போட்டு ஆளைக் கூட்டிவர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் அடுத்த கைதிக்குப் போகும். போகிறவர் கையில், எதிரி பக்கம் சாயாதவர் என்று ஊர்க் குழு கொடுத்த விசுவாசச் சான்று இருக்க வேண்டும்.

"ஒரு காகிதம்தானே கெசையா. ஒரு வியாழக்கிழமை போதும்" என்றார் யாபேஸ்.

"போதும்ணே" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

குழுத் தலைவர், எங்கள் திருச்சபை மூப்பரான டீக்கன் எல்நேதன் ப்ராக்டர். வீட்டில் அடைகாக்கும் கோழியைக்கூட எதற்கு இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறவர். யாபேஸை நிற்க வைத்துக் கேட்டார்.

"நம்ம நேச நாட்டு ராஜாவப் பத்தி உன் அபிப்பிராயம் என்ன?"

"நல்லவருன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"நீங்கதான் டீக்கனய்யா. போன வருஷம் ஜெபக் கூட்டத்துல."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி அவரு பிசாசுக்கு மருமகன்னு சொன்னீங்க."

டீக்கன் இறகுப் பேனாவை மைக்கூட்டில் வைத்தார். "நான் கேட்டது உன் அபிப்பிராயத்த. என்னோடத இல்ல."

யாபேஸுக்கு அபிப்பிராயம் இல்லை. அது முதல் சந்தேகம்.

இரண்டாவது சந்தேகம் பெரியது. எங்கள் கடற்கரை ஊர்களில் நவம்பர் ஐந்தாம் தேதி போப்பாண்டவரைக் கொளுத்துவோம். வண்டியில் அவர் பொம்மையை உட்காரவைத்து, பின்னால் கொம்பும் கவைக்கோலுமாகப் பிசாசை நிறுத்தி, ஊரைச் சுற்றி இழுத்துவந்து துறைமுக மேட்டில் எரிப்போம். ரோமாபுரிச் சபையை விட்டுப் பிரிந்த புராட்டஸ்டண்டுகள் நாங்கள்; இது பாட்டன் காலத்து வழக்கம். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊருக்குப் பொம்மை செய்து கொடுப்பவர் யாபேஸ். தலைக்குச் சின்னப் பீப்பாய். வண்டித் தட்டுக்கு அடியில் ஒருவர் படுத்துக்கொண்டு கோலைத் திருப்பினால் போப்பாண்டவர் இடமும் வலமும் தலையை ஆட்டுவார். அக்கம்பக்கத்து ஊர்ப் போப்பாண்டவர்களுக்கெல்லாம் கழுத்து அசையாது. எங்களுக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

"போன வருஷமும் கொளுத்தின" என்றார் டீக்கன். "அப்பவே பிரான்சு நமக்கு நேச நாடு. நேச நாட்டு ராஜாவோட ஞானத் தகப்பனக் கொளுத்தியிருக்க."

"தீ வச்சது நீங்கதானே டீக்கனய்யா."

"நெருப்பு பொதுச் சொத்து. பொம்மை உன்னோடது."

யாபேஸ் தலையை ஆட்டினார். "சரி. இந்த வருஷம் செய்யல."

அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கேப்டன் லாத்ரப் விழித்துக்கொண்டார். "பாத்தீங்களா. இருபத்திரண்டு வருஷம் செஞ்ச ஆளு திடீர்னு நிறுத்தறான். நிறுத்தச் சொன்னது யாரு?"

"இப்ப நீங்கதானே..."

"நாங்க நிறுத்தச் சொல்லல. செஞ்சது தப்புன்னோம். அது வேற, இது வேற."

கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்படையின் தலைவர். இரண்டு வருஷம் முன்பு ரோட் தீவுப் படையெடுப்புக்குப் போனார். பிரெஞ்சுக் கப்பல்கள் கடலிலிருந்து அடிப்பதாகவும் நாங்கள் தரையிலிருந்து அடிப்பதாகவும் ஏற்பாடு. புயல் வந்தது. கப்பல்கள் பழுது பார்க்கப் போஸ்டனுக்குப் போய்விட்டன. கேப்டன் பதினோரு நாள் மழையில் குந்தியிருந்துவிட்டு, சளியோடு திரும்பினார். அன்றிலிருந்து பிரெஞ்சுக்காரர்களை அவர் நம்புவதில்லை. அவர்களை நம்பாதவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் குழுவில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அன்று தீர்மானம் இப்படி நிறைவேறியது: யாபேஸ் வழக்கம்போல் போப்பாண்டவரைச் செய்ய வேண்டும். ஆனால் யார் மனமும் புண்படாதபடி செய்ய வேண்டும். குழு வாரா வாரம் வந்து பார்க்கும். பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு சான்று.

முதல் வாரம் மூக்கு. யாபேஸ் எப்போதும் மூக்கை ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பாக வைப்பார். பாதிரியார் வீலாக் அதைச் சுற்றி நடந்து பார்த்தார். இருபது வருஷம் முன்பு, கனடாவில் பிரெஞ்சுக்காரர்களோடு போர் நடந்தபோது, வேதம் சொல்லும் பாவ நகரமான பாபிலோன் போப்பாண்டவரின் ரோம்தான் என்று மூன்று மணிநேரம் பிரசங்கம் செய்தவர் இவர்.

"தீர்க்கதரிசனத்துல தப்பே இல்ல" என்று எங்களுக்கு விளக்கினார். "பாபிலோன் உண்டு. அது எங்க இருக்குங்கறதுல மட்டும்தான் எனக்கு அப்ப கொஞ்சம் பிசகிப்போச்சு. ரோம்னு நெனச்சேன். மறுபடி கணக்குப் போட்டுப் பாத்தா லண்டன்ல வருது. காங்கிரஸ் பிரான்சோட உடன்படிக்கை செஞ்ச அன்னிக்குச் சாயங்காலமே அது எனக்கு வெளிச்சமாச்சு. அதனால மூக்கக் கொறச்சிரு யாபேஸ்."

மூக்கு குறைந்தது. சிவப்பை அழித்து வெள்ளை பூசச் சொன்னார்கள். பூசினார். மறுவாரம் பிசாசு. நேச நாட்டு மதத்தலைவருக்குப் பின்னால் பிசாசு நிற்பது, அவருக்கு நாம் காவல் போட்டதாகத் தோன்றும் என்றார் கேப்டன். பிசாசை இறக்கினார்கள். போப்பாண்டவர் கையில், காசுக்கு விற்கிற பாவமன்னிப்புச் சீட்டு மூட்டை தொங்கும். அது கேலி என்று எடுத்துவிட்டார்கள். மூட்டையை மாட்டுவதற்காக யாபேஸ் அந்தக் கையை உயர்த்தி இரண்டு விரலை நீட்டிச் செய்திருந்தார். மூட்டை போனதும் கை வெறுமனே உயர்ந்து நின்றது. கந்தல் அங்கி அவமரியாதை என்றார்கள். என்னுடைய பழைய வெள்ளை மேஜைவிரிப்பைக் கேட்டு வாங்கிப் போர்த்தினார்கள்.

ஒவ்வொரு வாரமும் யாபேஸ் கேட்டார், "சான்று?"

"பொம்மை முடியட்டும்."

"படகு போயிருமே டீக்கனய்யா."

"அவசரப்படறவனப் பாத்தாதான் எனக்குச் சந்தேகம் வருது."

யாபேஸ் தினமும் மாலையில் சத்திரத்துக்கு வந்து ஒரு குவளையை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கேட்டார், "கெசையா, அவனுக்குத் தாடி வந்திருக்கும் இல்ல?" எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய்ச் சட்டியைத் தேய்த்தேன்.

நவம்பர் நான்காம் தேதி சனிக்கிழமை பொம்மை முடிந்தது; மறுநாள் ஞாயிறு என்பதால் கொளுத்துவது திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிருந்தது. அன்று மாலையே ஒரு குதிரைவீரன் கடிதம் கொண்டுவந்தான். பிரெஞ்சுக் குதிரைப்படை அதிகாரி, ஷெவாலியே என்ற வீரப்பட்டம் பெற்ற த வில்மார், இருபது வீரர்களோடு, குளிர்காலத்துக்குக் குதிரை கட்டத் தொழுவம் பார்க்கத் திங்கட்கிழமை வருகிறார்.

டீக்கன் முகம் பொம்மையின் முகத்தைவிட வெளுத்தது. "அத உடனே மறைக்கணும்."

"எங்க?"

"கேப்டன் வீட்டுக் களஞ்சியம். ஊருக்கு வெளிய இருக்கு."

ஆனால் சனிக்கிழமை சூரியன் மறைந்ததும் எங்கள் ஊரில் ஓய்வுநாள் ஆரம்பமாகிவிடும். ஞாயிறு மறையும்வரை சக்கரம் உருளக்கூடாது. பொம்மையைப் பிரித்துப் போடலாம் என்றால் அது வேலை, அதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போப்பாண்டவர் பட்டறை வாசலில் கையை உயர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரே கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் வேறு பக்கம் பார்த்தபடி அவரைக் கடந்தது.

திங்கட்கிழமை காலையில் குழு கூடியது. பிய்த்துப் போடுவதா, முழுசாக இழுப்பதா என்று விவாதம். பிய்த்தால், நேச நாட்டு மதத்தலைவரின் அங்கங்களைப் பிய்த்ததாகப் பதிவேட்டில் ஏறும் என்றார் டீக்கன். "பதிவேட்டுல எழுதாம விட்டா?" என்று பாதிரியார் கேட்டார். அவரை எல்லாரும் சந்தேகமாகப் பார்த்தார்கள். முழுசாக இழுப்பது என்று முடிவானபோது மணி பதினொன்றரை. பாதை முழுக்கக் குண்டும் குழியும். கோலைப் பிடிக்காவிட்டால் தலை விழுந்துவிடும். ஆகவே யாபேஸ் தட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டார். சுற்றிலும் கோணித்துணி தொங்கவிட்டார்கள். ஏழு பேரும் கூட நடக்க, இரண்டு எருதுகள் வண்டியை இழுத்தன.

என் சத்திரத்து முன்னால் வண்டி வந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து குதிரைப்படை வந்தது.

முன்னால் வந்த அதிகாரி கடிவாளத்தை இழுத்தார். வண்டியைப் பார்த்தார். வெள்ளை அங்கி. சாந்தமான முகம். ஆசீர்வதிக்கும் இரண்டு விரல். அந்த முகத்தைச் சாந்தமாக்கியது யார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றினார், குதிரையிலிருந்து இறங்கினார், நடுத்தெருச் சேற்றில் முழங்காலிட்டார். பின்னால் இருபது பேரும் இறங்கி முழங்காலிட்டு மார்பில் சிலுவைக்குறி போட்டார்கள்.

அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அவர் படையிலிருந்த அயர்லாந்துக்காரச் சார்ஜென்ட் எங்களுக்குச் சொன்னார்: "ஐயா சொல்றாரு, இந்த நாட்டுக்கு வந்து நாலு மாசமா ஒரு மாதா சொரூபம்கூடக் கண்ணுல படலியாம். நீங்கள்லாம் மதத் துரோகின்னு எங்க பட்டாளத்துல பேசிக்கிறாங்க. அது பொய்னு இப்பதான் தெரிஞ்சுதாம். ஊர்வலத்த நிறுத்திட்டமேன்னு மன்னிப்புக் கேக்கறாரு. நடத்துங்க."

எங்கள் ஏழு பேரும் தொப்பியோடு நின்றார்கள். தெருவில் இருந்த ஆண்களெல்லாம் அவர்களையே பார்த்தார்கள். நான் வாசலில் நின்றதால் டீக்கன் கிசுகிசுத்தது காதில் விழுந்தது.

"கழட்டலேன்னா நேச நாட்டுக்கு அவமானம்."

"கழட்டினா போப்புக்கு வணக்கம்" என்றார் கேப்டன்.

"கழட்டுங்க. மனசுல மட்டும் கழட்டாதீங்க."

ஏழு தொப்பிகள் இறங்கின. பிறகு தெருவில் இருந்த அத்தனை தொப்பியும் இறங்கியது. பாதிரியார் ஒருபடி மேலே போய் ஒரு முழங்காலை மட்டும் மடக்கினார். அது உடன்படிக்கையின் முழங்கால் என்றும், மற்றது தன்னுடையது என்றும் பிற்பாடு விளக்கம் கொடுத்தார்.

கோணித்துணிக்குள் இருந்த யாபேஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி நின்றுவிட்டது, சத்தம் அடங்கிவிட்டது. வழக்கமாகத் துறைமுக மேட்டுக்கு வந்ததும் இப்படித்தான் ஆகும். வந்துவிட்டோம் என்று நினைத்துக் கோலைத் திருப்பினார். போப்பாண்டவர் மெதுவாக இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி சிலுவைக்குறி போட்டார்கள். ஒரு வீரன் தேம்பி அழுதான்.

ஷெவாலியே போகும்போது டீக்கனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அன்பின் அடையாளமாகத் தன் படையின் இருநூறு குதிரைகளையும் இந்த ஊரிலேயே கட்டப்போவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை வந்தது. நவம்பர் ஒன்பது. நியூ லண்டனுக்கு எருது வண்டியில் ஒன்றரை நாள். ஞாயிறன்று நகர முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பியே ஆகவேண்டும்.

யாபேஸ் மூலையில் நின்றார். குழு அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. பக்கத்து ஊர்க் குழுவிடமிருந்து கடிதம் வந்திருந்தது: உங்கள் ஊரில் நடுத்தெருவில் போப்பாண்டவருக்குத் தொப்பி கழற்றியதாகக் கேள்விப்படுகிறோம், மதப் பிறழ்வாளர் யார் யார் என்று விசாரித்துத் தெரிவிக்கவும்.

விசாரித்தார்கள். டீக்கன் கேப்டனைக் கேட்டார், கேப்டன் பாதிரியாரைக் கேட்டார், பாதிரியார் டீக்கனைக் கேட்டார். ஏழு பேரும் கழற்றியதாக ஏழு பேரும் சாட்சி சொன்னார்கள். டீக்கன் விதிப்புத்தகத்தைப் பிரித்தார். விதி நான்கு: சந்தேகத்துக்கு உரிய எவரும் சான்றில் கையெழுத்திடக் கூடாது.

"அப்ப கையெழுத்துப் போட ஆளே இல்லியா?" என்றார் பாதிரியார்.

"ஊர்ல கழட்டாதவன் யாராவது?"

"ஒருத்தன் பாக்கி இல்ல. நான் பாத்தேன்" என்றார் கேப்டன். பிறகு அவர் பார்வை என் மேல் விழுந்தது. "கெசையாம்மா குல்லாயக் கழட்டல." கொஞ்சம் யோசித்தார். "ஆனா பொம்பள."

நான் ஆப்பிள் மது ஊற்றிக்கொண்டே சொன்னேன், "யாபேஸ் அண்ணன் கழட்டல. வண்டிக்கு அடியில கிடந்தாரு. மண்டையில தொப்பி இருந்துச்சு."

ஏழு பேரும் மூலையைப் பார்த்தார்கள். பொறாமை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டு மணிநேரம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். வேறு வழி அகப்படவில்லை. மாலை நான்கு மணிக்கு ஏழு பேரும் சந்தேகம் தீரும்வரை விலகி நிற்பதென்றும், அதுவரை ஊரில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே ஆணான யாபேஸ் கின்னியே சந்தேக நிவாரணக் குழு என்றும் தீர்மானமானது. டீக்கன் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டார். அவர் அதன் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என் மனு இருக்குமே. அத எடுங்க."

"அதெப்பிடி?" என்றார் பாதிரியார். "தன் சான்றுல தானே கையெழுத்துப் போடறது சந்தேகத்துக்கு இடமாச்சே."

"சந்தேகப்பட யாருக்கு அதிகாரம்?"

"குழுவுக்கு."

"குழு யாரு?"

பாதிரியார் சுற்றுமுற்றும் பார்த்தார். "நீதான்."

"எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார் யாபேஸ். கையெழுத்துப் போட்டார். ஐந்து வாரத்தில் முதல் தடவையாகக் குவளையை எடுத்து முழுதும் குடித்தார்.

கிளம்பும் முன் டீக்கன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிக் கெஞ்சுகிற டீக்கனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "யாபேஸ், எங்க ஏழு பேருக்கும் ஒரு வரி எழுதிட்டுப் போ. இப்பிடியே விட்டுட்டுப் போனா கோயில்ல எங்கள யாரும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாங்க."

"வந்து பாத்துக்கலாம்ணே" என்று நான் கண்ணைக் காட்டினேன். பாம்பு சட்டை உரித்தால் பல்லும் போய்விடுமா? அவர் கேட்கவில்லை. மகனைப் பார்க்கப் போகிற மனிதர்; மனசு இளகிக் கிடந்தது. ஏழு பேர் மேலும் சந்தேகம் இல்லை என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த நிமிஷமே குழு பழையபடி ஏழு பேர் ஆயிற்று. யாபேஸ் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.

நவம்பர் கடைசி வியாழக்கிழமை பிற்பகல் வண்டி திரும்பி வந்தது. பாலத்துக் காவலன் நிறுத்திவிட்டான். சான்றில் போவதற்கு ஒருவர் என்றிருந்தது. வந்தது இரண்டு பேர்.

குழு அப்போது என் சத்திரத்தில்தான் இருந்தது. உள்ளே கொண்டுவரச் சொன்னார்கள். யாபேஸ் மகனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வயதுப் பையனை ஒரு மரத்தொட்டியைத் தூக்குவது போலத் தூக்கிவந்தார். பல் பாதி இல்லை. தாடி இருந்தது. கணப்புப் பக்கத்தில் பெஞ்சில் சாய்த்து வைத்தோம். நான் பன்றிக்கறிச் சாறு கொடுத்தேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

டீக்கன் இறகைத் தோய்த்தார். "எதிரியோட கப்பல்ல எத்தன மாசம் இருந்த?"

"பதினாலு."

"மத்தவங்க செத்துப்போனாங்களே. நீ எப்பிடிப் பொழச்ச?"

லெமுவேல் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். "தெரியல."

'தெரியல என்கிறான்' என்று டீக்கன் எழுதினார்.

"ராஜா படையில சேந்தா விட்டுடறதா அவனுங்க சொல்லுவாங்களாமே" என்றார் கேப்டன். "உன்னக் கேட்டாங்களா?"

"தினமும் கேப்பாங்க. காலையில, செத்தவங்கள மேல தூக்கறதுக்கு முன்னாடி."

"நீ என்ன சொன்ன?"

"மாட்டேன்னேன்."

"எழுத்துல வாங்கியிருக்கியா?"

"என்னத்த?"

"நீ மாட்டேன்னு சொன்னத."

யாபேஸ் பெஞ்சிலிருந்து எழுந்தார். லெமுவேல் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

"அப்ப சாட்சி?" என்றார் டீக்கன். குரலில் கடுமை இல்லை. ஒரு நடைமுறையை முடிக்க உதவுகிற குரல்தான். "நீ மாட்டேன்னு சொன்னதக் கேட்டவங்க யாராவது?"

"எல்லாரும் கேட்டாங்க. அவங்களும் அதத்தான் சொன்னாங்க."

"அவங்கள இங்க வரச் சொல்ல முடியுமா?"

லெமுவேல் கணப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கரையில மணல்ல பொதச்சோம். ஆழமாத் தோண்ட எங்களுக்குத் தெம்பு இல்ல. அலை வந்து வந்து மண்ண அரிக்குது. நான் கிளம்பறப்பவே கொஞ்சம் பேரு வெளிய வந்துட்டாங்க."

கேப்டன் தன் பூட்ஸைப் பார்த்தார். பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார். டீக்கன் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, முறைப்படி வாய்விட்டுப் படித்தார்: "சாட்சிகள் இன்னும் வந்து சேரவில்லை. வந்த பிறகு விசாரணை தொடரும். அதுவரை லெமுவேல் கின்னி சந்தேகத்துக்கு உரியவன்." மையின் ஈரம் காய மணலைத் தூவினார்.

யாபேஸ் எழுந்து மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். போவதற்கு அனுமதி கேட்கவில்லை. அது தனிக் குற்றம் என்பதால் டீக்கன் பதிவேட்டில் அவருக்கு வேறொரு பக்கம் திறந்தார்.